நான் கண்டுபிடித்த அரைத் தூக்கம்

காலை ஏழு மணிக்குக் கறிக்கடை வாசலில் ஐஸ் போட்ட ஃபிளாஸ்கோடு வந்து நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் போசி கொண்டு வருவார்கள், பை கொண்டு வருவார்கள். துடியலூரில் அந்தக் கடையை நடத்துகிற அக்கா முதல் நாள் என்னையும் ஃபிளாஸ்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, காப்பி வாங்கப் போறவரு வழி தப்பி வந்துட்டீங்களா?”

“இல்லீங்கக்கா. நெஞ்சுக்கறி வேணும். கட்டவெரல் அளவுக்கு. அறுத்த சூட்டோட வேணும்.”

“சூட்டோட வேணும்னா ஐஸு எதுக்குங்க?”

“சூட்டோட வாங்கி ஐஸுல போடோணுங்க.”

“மீதிக் கோழி?”

“அது ஊட்டுக்கு. கொழம்புக்கு.”

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, “அப்பக் கட்டவெரல் சாமிக்குங்களா?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் அந்தக் கடையில் எனக்கு நெஞ்சுக்கறி வாத்தியார் என்று பேர்.

வாத்தியார் என்பது உண்மைதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். என்னிடம் படித்த இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கி வந்து எங்கள் துறையிலேயே சேர்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் எனக்கு மேலே ஏறிக்கொண்டார்கள். நேரில் பார்த்தால் இன்னமும் எழுந்து நின்று சார் என்பார்கள். அந்த மரியாதை உறுத்தியது. நாற்பத்தாறு வயதில், கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டைப் படிக்க முடியாத நிலையில், பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். தசையில் இருக்கும் புரத இழைகளின் அமைப்பும் உள்ளசைவும் என்பது தலைப்பு. வீட்டில் சொன்னபோது மனைவி என் வயிற்றைப் பார்த்தாள். “ஏனுங்க, இத்தனை நாள் கழிச்சுத்தான் தசை ஞாபகம் வந்துதா?” என்றாள்.

தசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏமாந்தது விளங்காது.

கையை மடக்கும்போது தசை சுருங்குகிறது என்கிறோம். உள்ளே இருக்கும் இழைகள் எதுவும் சுருங்குவதில்லை. தடித்த இழை ஒரு வகை, மெல்லிய இழை ஒரு வகை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நழுவுகின்றன. இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரலின் நீளம் மாறாது, உள்ளங்கைகள் மட்டும் நெருங்கும். அதேதான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தடித்த இழைகள் புள்ளிக் கோலம் போல வரிசை பிசகாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு மெல்லிய இழைகள். முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்த அன்று, இவ்வளவு ஒழுங்கு என் உடம்புக்குள் இருப்பதாக நம்ப முடியவில்லை. என் மேஜையைப் பார்த்தவர்களாலும் நம்ப முடியாது.

தடித்த இழை மயோசின் என்ற புரதத்தால் ஆனது. ஒவ்வொரு மயோசினுக்கும் நீளமான வால், வாலின் நுனியில் இரட்டைத் தலை. வால்களெல்லாம் சேர்ந்து கயிறு மாதிரி ஒரு தண்டாகிவிடும். தலைகள் தண்டுக்கு வெளியே சுற்றிச் சுற்றிப் படியேறும். தசை வேலை செய்யும்போது இந்தத் தலைகள் எட்டி, பக்கத்து மெல்லிய இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கும். வேலை இல்லாதபோது இரண்டு தலையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தண்டின்மேலேயே படுத்துக்கொள்ளும். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் இந்த அமைப்பை மைக்ராஸ்கோப் இல்லாமலே பார்க்கலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஏடிபி என்கிற எரிபொருள் இல்லாமல் தலையால் பிடிக்க முடியும், விடத்தான் முடியாது. ஏடிபி தீர்ந்துபோனால் எல்லாத் தலைகளும் பிடித்த பிடியிலேயே நின்றுவிடும். செத்த உடம்பு விறைப்பது அதனால்தான். கறிக்கடையில் நான் பறந்ததும் அதனால்தான். கோழி விறைப்பதற்குள் அந்தத் துண்டை என் கரைசலுக்குள் போட்டுவிட வேண்டும். கரைசலில் ஏடிபி இருக்கிறது. தலைகள் பிடியை விட்டுப் படுக்கும். படுத்த தலைகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டும். ஆராய்ச்சி என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியில் அந்த மைக்ராஸ்கோப் கிடையாது. ஊரின் மறுகோடியில் வேறொரு நிறுவனத்தில் மாதம் இரண்டு நாள் எனக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஃபிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறவன் என் சினேகிதன். இருபத்தொரு வருஷமாக எனக்கு அடுத்த மேஜை. அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கும் குடும்பம். அண்ணன் தம்பிகள் தறி போட்டுவிட்டார்கள், இவன் மட்டும் படிப்பில் விழுந்துவிட்டான். ஆராய்ச்சியில் அவனுக்கு ஆசையே கிடையாது. எனக்காகத்தான் வந்தான்.

“மாப்ள, மெல்லப் போ. கோழிக்கு முந்தி நாம வெறச்சுப் போயிருவமாட்டம் இருக்குது,” என்பான் ஒவ்வொரு வளைவிலும்.

ஏடிபி வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். ஒரு தடவை வாங்கிக் கரைத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, எங்கள் லேப் ஃபிரீசரில் உறைய வைத்துவிடுவேன். தேவைப்படும்போது ஒரு குப்பி.

முதல் நான்கைந்து மாதம் எடுத்த படங்களில் தலைகள் எல்லாம் உலகம் முழுக்கப் படுப்பது போலத்தான் படுத்திருந்தன. கலங்கலான படங்கள், ஆனால் படுத்திருந்தன. பிறகு அந்த வருஷத்துப் பூஜை விடுமுறை முடிந்து, மறுபடி கறிக்கடைக்குப் போய் எடுத்த படங்களில் ஒரு அதிசயம் நடந்தது. சில வரிசைத் தலைகள் படுத்திருந்தன. சில வரிசைகள் பாதி எழுந்து நின்றன. இழைகளைத் தனித்தனியாகப் பிரித்த பிறகும் சில தலைகள் மெல்லிய இழையின் துணுக்குகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு படத்தில் மட்டுமல்ல, எல்லாப் படத்திலும். அடுத்த மாதமும் அப்படியே.

தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு நிலை. அதற்கு நானே அரைத் தூக்கம் என்று பெயர் வைத்தேன். கோழிக்கு மட்டும் உரிய நிலையோ, பறவைகளுக்கெல்லாம் உரியதோ, மனிதனின் இதயத்திலும் இருக்குமோ என்று குளிக்கும்போதெல்லாம் யோசித்தேன். நாற்பத்தேழு வயதில் ஒருவன் குளியலறையில் பாடினால் வீட்டில் சந்தேகப்படுவார்கள். மனைவி கதவைத் தட்டி, “உள்ள யாருங்க?” என்றாள்.

படத்தை முதலில் காட்டியது சினேகிதனிடம்தான். கம்ப்யூட்டர் திரையை ரொம்ப நேரம் பார்த்தான்.

“நெசமாலுமா மாப்ள?”

“கண்ணு முன்னால இருக்குதல்ல?”

“இல்ல, இன்னொரு வாட்டி பாத்துக்கலாமா? கரைசல் கிரைசலெல்லாம் சரியா இருக்குதா?”

“கரைசலுக்கென்ன, நேத்து வெச்ச ரசமா ஊசிப் போறதுக்கு?”

அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். அது அன்று எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவன் அடுத்தவன் சிரிப்பை மணி பார்த்து அளப்பதில்லை.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களில் அரைத் தூக்கம் ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதெல்லாம் கை பழகாத காலத்துப் படங்கள் என்று ஒதுக்கிவிட்டேன். குப்பிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளில் மை கரைந்து வழிந்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? புதுச் சீட்டு ஒட்டி, அழகான கையெழுத்தில் தேதியைத் திரும்ப எழுதினேன்.

எனக்கு வழிகாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஒரு மேடம். தாராபுரத்துக்காரர், என்னைவிட நாலு வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். படங்களைப் பார்த்து, “நல்லா இருக்குதுங்க சார். நாலாவது அத்தியாயமா எழுதுங்க,” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. எழுதினேன். கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கும் அனுப்பினோம். சினேகிதனின் பெயரையும் சேர்க்கலாம் என்றேன். வேண்டவே வேண்டாம் என்று மறுத்தான். எவ்வளவு பெருந்தன்மை என்று நான் மேடத்திடம் சொல்லி நெகிழ்ந்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுவாரசியமாக இருக்கிறது, புதிதாகத் தயாரித்த ஏடிபி கரைசலில் மறுபடி செய்து காட்டவும் என்று ஒரு வரி. அதிலென்ன கஷ்டம்? பழைய குப்பிகளும் தீர்ந்திருந்தன. புதுசு வரவழைத்துக் கரைத்தேன். கறிக்கடைக்குப் போனேன். படம் எடுத்தேன். எல்லாத் தலையும் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. ஒரு தலைகூட எழவில்லை.

மறுபடி செய்தேன். மறுபடியும். மூன்று கோழி, மூன்று குழம்பு, ஒரு அரைத் தூக்கமும் இல்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பழைய படங்களையும் புதுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த வேலையில் ஓர் இழையின் படம் போதாது. ஏராளமான துண்டுகளை வெட்டி அடுக்கி, கம்ப்யூட்டரில் சராசரி எடுத்தால்தான் தலை தலையாகத் தெரியும். வேண்டிய துண்டை மட்டும் பொறுக்கி அடுக்கினால் வேண்டிய உருவத்தை வரவழைத்துவிடலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“தப்பா நெனைக்காதீங்க சார்,” என்றார். “படத்தப் பொறுக்கறப்ப எங்காச்சும் ஆசைக்குக் கை போயிருச்சுங்களா?”

குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அதைவிட மரியாதையாக ஒருவனைத் திருடன் என்று கேட்க முடியாது. நான் இல்லீங்க மேடம் என்றேன். இல்லீங்க மேடம் என்று சொல்லும்போது என் குரல் பொய் சொல்கிறவன் குரல் மாதிரியே இருந்தது. வாழ்நாள் முழுக்க விளையாட்டாகப் பேசிப் பழகியவன் நிஜமாகப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

எனக்கும் விளங்கவில்லை. நான் திருடவில்லை. அப்படியானால் நான் பார்த்தது என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். துறை வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்கள். பிறந்தநாள் கேக், பொன்னாடை, காலை வணக்கம், பிறகு நான் அரைத் தூக்கம் கண்ட வருஷத்து ஆயுத பூஜை. எங்கள் துறையில் பூஜையை நடத்துகிறவன் எப்போதும் என் சினேகிதன்தான். விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் லேபில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை தருவான்.

படத்தில் அவன் விரலில் சந்தனத்தோடு ஃபிரீசருக்கு முன்னால் நிற்கிறான். ஃபிரீசர் கதவு விரியத் திறந்திருக்கிறது. உள்ளே காலி. அதன் ஒயரைச் சுருட்டி மேலே வைத்து, பிளக்கின்மேல் ஒரு செவ்வந்திப் பூ. என் குப்பிப் பெட்டி ஜன்னல் திட்டில், வெயிலில், பொரித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொரித் தட்டில் கை வைத்தபடி, வாய் நிறையப் பொரியோடு ஒரு ஆள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அது நான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரிக்கு எதிரில் இருக்கும் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீயும் பஃப்ஸும் வந்தன. போனை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

“பூஜை அன்னிக்கு ஃபிரீசர ஆஃப் பண்ணுனியா?”

“ஓடற மெஷினுக்குப் பொட்டு வெக்கறதில்ல மாப்ள. எங்கூட்டுல தறியெல்லாம் நிறுத்திப்போட்டுத்தான் வெப்போம். அன்னிக்கு ஒரு நாளாச்சும் அதுக ஓய்வெடுக்கோணுமல்ல?”

“சரி. பூஜை முடிஞ்சுது. மறுபடி எப்பச் சொருகுன?”

அவன் பஃப்ஸின் மேல்தோலைப் பிய்த்துத் தட்டில் வரிசையாக வைத்தான்.

“பெட்டியெல்லாம் உள்ள வெச்சேன். கதவச் சாத்துனேன். சொருக மறந்துபோட்டேன்.”

“எப்பச் சொருகுன?”

“பொதங்கெழம.”

வெள்ளி மத்தியானத்திலிருந்து புதன் காலை வரை. கோயமுத்தூர் வெயிலில், மூடிய பெட்டிக்குள் என் ஏடிபி ஐந்து நாள் கிடந்து பாதி செத்திருக்கிறது. பாதி ஏடிபி இருந்த கரைசலில் பாதித் தலைகள் பிடியை விட்டன, மீதித் தலைகளால் விட முடியவில்லை. பாதிப் பிணத்தைப் படம் எடுத்து, அதற்குத் தூக்கம் என்று பெயர் வைத்து, நாலாவது அத்தியாயமாக எழுதியிருக்கிறேன்.

“காலைல நாந்தான் மொதல்ல வந்தேன். உள்ள ஒரே தண்ணி. தொடச்சு, சொருகிப்போட்டேன். சாயங்காலம் பாத்தா எல்லாம் ஐஸாயிருச்சு. பழையபடி இருக்குதேன்னு உட்டுட்டேன் மாப்ள.”

“நான் படத்தக் காட்டுன அன்னிக்கு?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். கரைசல் சரியா இருக்குதான்னு கேட்டனல்ல? நீ ரசம் கிசம்னு சொல்லிப்போட்ட.”

“அதுக்கப்பறம் ஒண்ணே முக்கா வருசம் இருந்துதேடா. தெனமும் பக்கத்து மேஜ. ஒரே டிபன் பாக்ஸு.”

அவன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? கதையாக்கியிருப்ப. ஃபிரீசருக்குப் பொட்டு வெச்சுக் கொன்னவன்னு நான் ரிட்டையர் ஆகற வரைக்கும் சொல்லுவ. அந்தப் பாம்பு ஜாடிய இன்னும் உட்டியா நீ?”

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு பாம்பு ஜாடியைத் தவறவிட்டு, ஃபார்மலினில் வழுக்கி, பாம்போடு சேர்ந்து விழுந்தான். எங்கள் கல்லூரியில் யார் பணி ஓய்வு பெற்றாலும் மேடையில் அந்தக் கதையை நான் சொல்லுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவன் சிரிக்கிறான் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் என் கோபம் இன்னும் ஏறியது. நான் கேலி பேசுகிறவன்தான். அதற்காக ஒருவன் தினமும் என் டப்பாவிலிருந்து தேங்காய்ச் சட்னியை எடுத்துக்கொண்டு, நான் அரைத் தூக்கத்தைப் பற்றிப் பினாத்துவதை ஒண்ணே முக்கால் வருஷம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாமா?

“இங்க பாரு,” என்றேன். “பட்டம் போனாப் போவுது. மேடம் நான் படத்தத் திருத்திப்போட்டேன்னு நெனைக்கறாங்க. ஃபிரீசரு அஞ்சு நாளு ஆஃப்ல கெடந்தது ஒனக்கு மட்டுந்தான் தெரியும். நான் சொன்னாச் சாக்குன்னுதான் படும். நீதான் சொல்லோணும்.”

“சொல்றேன் மாப்ள. நானே நேர்ல போய்ச் சொல்லிப்போடறேன். இந்த வாரமே.”

அந்த வாரம் அன்னூரில் தண்ணீர்ப் பம்பு கெட்டுவிட்டது. அடுத்த வாரம் மேடம் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னான். ஊரில்தான் இருந்தார். அதற்கடுத்த வாரம், “கரண்டு போச்சுன்னு எழுதீரு மாப்ள. கரண்டு வந்து இல்லைன்னா சொல்லப்போவுது?” என்றான்.

நானே மேடத்திடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஃபிரீசர் நின்றுபோயிருந்தது, எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்றேன். பூஜைப் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, பொரியோடு நிற்கும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீங்களும் அங்கதான் இருந்திருக்கறீங்க சார்.”

“இருந்தனுங்க. அப்ப ஆஃப் பண்ணுனது அஞ்சு நாள் அப்படியே கெடந்திருக்குது. அதப் பாத்தவரு இருக்கறாருங்க. அவரே வந்து சொல்லுவாரு.”

“வரச் சொல்லுங்க சார்.”

யாரும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயம் துடியலூர்க் கோழிக்கும் பொருந்தும் என்று மீதி அத்தியாயங்கள் நிரூபித்தன.

கடைசியில் பொது வாய்மொழித் தேர்வு. இதில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வாளர் கேட்டு முடித்ததும் பார்வையாளர்களைக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் அசிங்கம். அதனால் மாணவன் தன் ஆட்களிடம் லேசான கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து உட்கார வைத்துவிடுவான். எத்தனையோ பேருக்கு நான் அப்படி எழுந்து கேட்டிருக்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் போன் பண்ணினான்.

“மாப்ள, நாளைக்கு நான் எந்திரிச்சு எல்லாருத்து முன்னாலயும் சொல்லிப்போடறேன். மேடமும் இருப்பாங்க, எக்ஸாமினரும் இருப்பாரு. ஒரே தடவையில முடிஞ்சுரும்.”

“நெசமா?”

“எங்கூட்டுத் தறி மேல சத்தியம்.”

நம்பினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மனம் லேசாகிவிட்டது. மறுநாள் அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகவில்லை, அவன்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வழியில் இறங்கி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

பேசி முடித்தேன். தேர்வாளர் ஐந்தாறு கேள்வி கேட்டார், சமாளித்தேன். மேடம் முன் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவன் எழுந்தான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். நான் கையிலிருந்த சுட்டுக்கோலை மேஜையில் வைத்தேன். என் பக்கத்து வேலை முடிந்தது, இனி அவன் பேசுவான்.

“ஐயா, எனக்கொரு சந்தேகமுங்க,” என்றான். தொண்டையைச் செருமினான். மேடம் திரும்பி அவனைப் பார்த்தார். அவனும் மேடத்தைப் பார்த்தான். “இந்த எழையெல்லாம்... நாட்டுக்கோழிக்கும் பிராய்லர் கோழிக்கும் வித்தியாசப்படுங்களா?”

அரங்கில் சிரிப்பு. அவன் என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

“தெரியலீங்க,” என்றேன். “நாட்டுக்கோழி இது வரைக்கும் என்ற கைக்குச் சிக்குலீங்க.”

அன்றைய தினத்தின் பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் வாய் என்னைக் கேட்காமல் அதன் வேலையைச் செய்துவிட்டது. கைதட்டலுக்கு நடுவில் அவன் உட்கார்ந்தான். அவனைக் காப்பாற்றியதும் நான்தான்.

பிறகு வெளியே சமோசா, டீ. கைகொடுத்தார்கள், டாக்டர் என்றார்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மேடம் வந்தார். அவன் எனக்கு ஒரு கை தூரத்தில், எனக்கும் சேர்த்து இரண்டு தட்டு பிடித்துக்கொண்டு நின்றான்.

“வாழ்த்துக்கள் சார்,” என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த நாலாவது அத்தியாயத்த எடுத்தீங்க பாருங்க, அது பெரிய விஷயங்க சார். கொஞ்சம் வயசான பொறவு ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்கு ஒரு அவசரம் இருக்கும். எனக்குப் புரியுதுங்க. நான் யாருகிட்டயும் பேசுல. இனிமேலும் பேச மாட்டேன்.”

மன்னித்துவிட்டார். நான் செய்யாத ஒன்றுக்கு, என் பக்கம் நின்று, முழு மனதோடு மன்னித்துவிட்டார். இதற்குமேல் மறுத்தால் அவர் நல்ல மனதைக் கெடுத்தவனாவேன்.

நான் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். இரண்டு கையிலும் தட்டு இருந்தாலும் வாய் காலியாகத்தான் இருந்தது.

“ஆமாங்க மேடம்,” என்றான் அவன். “இவரு மனசு தங்கமுங்க.”

மேடம் தலையசைத்துவிட்டுப் போனார். நான் சமோசாவை வாங்கிக்கொண்டேன், சாப்பிடவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் ஸ்கூட்டரை வெளியே எடுத்துத் திருப்பி நிறுத்தினான். எனக்குப் போட்ட மாலையைப் பத்திரமாக முன்னால் கொக்கியில் மாட்டினான்.

“ஏறு மாப்ள.”

“நீ போ. நான் பஸ்ஸுல வாரேன்.”

“ஏன், கோவமா?”

“ஆமா,” என்றேன்.

நான் அடுத்ததாக ஏதாவது சொல்வேன், சிரிப்பேன் என்று அவன் காத்திருந்தான். நான் சொல்லவில்லை. பிறகு மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.